மரத்தடியில் உட்கார வைக்காதீர்கள்

நெய்வேலி நகரியத்துப் பள்ளிகளில் உடற்கல்வி கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



பல்லாண்டுக் காலம் இந்த ஊரில் பிசியோதெரபிஸ்டாக இருந்து, கால் எலும்பு முறிந்து வந்தவர்களையும் பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலற்றுப் போனவர்களையும் சுரங்க வேலையில் முதுகெலும்பு தேய்ந்த தொழிலாளர்களையும் எழுந்து நடக்கப் பழக்குவதிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு ஓய்வுபெற்ற நான், உங்களுக்கு இம்மடலை எழுதத் துணிந்ததற்குக் காரணம் ஒன்றே. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வரும் சிறுவர் சிறுமியரும் பதின்வயதுப் பிள்ளைகளும், சிகிச்சை முடிவதற்கு முன்பாகவே, நம்முடைய பள்ளிக்கூடங்களுக்குத் திரும்பி வருகிறார்கள். கணக்குப் பாடமும் தமிழ்ப் பாடமும் அவர்களை வரவேற்கின்றன. விளையாட்டு வகுப்பு மட்டும் அவர்களை வெளியே நிறுத்திவிடுகிறது. அந்த நிலையை மாற்றக்கூடியவர்கள் டாக்டர்களைக் காட்டிலும் நீங்களே என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

ஒரு காலத்தில் இப்படியொரு மடலுக்கு அவசியமே நேர்ந்திராது. பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால், அதன் பிறகு பள்ளிக்கூடத்தைப் பற்றி நினைப்பதற்கு வேண்டிய அவகாசத்தைக்கூட அந்த வியாதி பெற்றோருக்கு அளித்ததில்லை. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், எத்தனையோ பேருடைய அவநம்பிக்கையைப் பொருட்படுத்தாமல், 1954-ஆம் ஆண்டில் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். அவருடைய குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் அங்கே வந்து சேர்ந்து 2021-இல் காலமாகும் வரையில் அந்த ஸ்தாபனத்துக்கே தம்மை ஒப்புக்கொடுத்த டாக்டர் சாந்தாவும், 1960-இல், இந்த தேசத்திலேயே முதன்முறையாக, குழந்தைகளுக்கென்று ஒரு தனிப் பிரிவை அங்கே ஏற்படுத்தினார்கள். பிற்பாடு 1980-களில் அடையாறு மருத்துவமனையும் பம்பாய் டாடா மருத்துவமனையும் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையும் சேர்ந்து, நம் நாட்டுப் பிள்ளைகளின் சரீர நிலைக்கும் நம் மருத்துவமனைகளின் வசதிக்கும் ஏற்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைக் கைக்கொண்டபோது, ரத்தப் புற்றுநோயிலிருந்து பிழைத்தெழும் குழந்தைகளின் தொகை கண்கூடாக உயர்ந்தது. செல்வம் மிகுந்த நாடுகளில் இன்று நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் குணமடைகிறார்கள். உலகெங்கிலும் 2030-க்குள் நூற்றுக்கு 60 பேரையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இலக்கு வகுத்திருக்கிறது. ஆகவே, பிழைப்பானா என்று கேட்பதோடு நின்றுவிட்ட காலம் போய், பிழைத்தவன் எப்படிப்பட்ட உடம்போடு வாழப்போகிறான் என்று கேட்கவேண்டிய காலம் வந்திருக்கிறது. அந்த இரண்டாவது கேள்வியில்தான் உங்களுடைய பங்கு இருக்கிறது.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் ரத்தப் புற்றுநோய் வகைக்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை சிகிச்சை நீடிக்கிறது. முதல் சில மாதங்கள் கடுமையானவை. பிள்ளை அடையாற்றிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ தாயோடு தங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு வருவதை 'மெயிண்டனன்ஸ்' என்கிறார்கள். வீட்டிலேயே தினமும் மாத்திரை, வாரம் ஒரு நாள் வேறொரு மாத்திரை, மாதத்துக்கு ஒரு தடவையோ சற்று இடைவெளி கூட்டியோ ஓர் ஊசி, அவ்வப்போது ரத்த அணுக்களின் எண்ணிக்கையாகிய 'கவுண்ட்' பார்ப்பதற்கு ரத்தப் பரிசோதனை என்று இந்தக் கட்டம் ஒன்றரை ஆண்டுக்குக் குறையாமல் போகிறது. நம் நகரியத்துப் பிள்ளை அதிகாலையில் கடலூர் வழியாகப் புதுச்சேரிக்குப் பஸ் ஏறி, ஊசி போட்டுக்கொண்டு இரவில் திரும்பி, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ சீருடை அணிந்து வகுப்புக்கு வருவது இந்தக் கட்டத்தில்தான்.

அந்த ஊசியைப் பற்றிச் சிறிது விஸ்தாரமாகச் சொல்ல அனுமதியுங்கள். நம் வீட்டு வாசல்களிலும் கோயில் நந்தவனங்களிலும் வருஷம் முழுவதும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படும் வின்கிறிஸ்டின் என்னும் மருந்து அது. லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு உயிர் கொடுத்த மகத்தான மருந்து. ஆனால் புற்று அணுக்களைத் தாக்கும் அதே வேகத்தில் அது நரம்புகளையும் சிறிது தாக்குகிறது. மிக நீண்ட நரம்புகளாகிய பாதத்து நரம்புகளே முதலில் அதற்கு இலக்காகின்றன. பாதத்தின் முன்பகுதியை மேலே தூக்கும் சக்தி குறைகிறது. பையன் நடந்து வரும்போது பாதம் தரையில் 'பட், பட்' என்று அறைந்து விழும் ஓசையைக் கேட்டே நான் அதைக் கண்டுகொள்வது வழக்கம். இன்னும் நுட்பமான அடையாளம் ஒன்று உண்டு: காலில் போட்ட ரப்பர் செருப்பு நழுவிப் பின்னால் விழுந்து கிடக்கும், பிள்ளையோ அதை உணராமலே நாலு அடி நடந்து போயிருக்கும். கைவிரல்களிலும் இதே பலவீனம் தோன்றுவதுண்டு. சட்டைப் பொத்தானைப் போடுவதற்கு அம்மாவைக் கூப்பிடுகிற எட்டாம் வகுப்பு மாணவன் சோம்பேறி அல்லன்.

இதனோடு ஸ்டீராய்டு மாத்திரை சேர்ந்துகொள்கிறது. முகத்தைப் பூரிக்கச் செய்து பார்ப்பவர்களுக்குப் பிள்ளை தேறிவிட்டது போன்ற தோற்றத்தை அது அளிக்கும்; உள்ளுக்குள்ளே தொடைத் தசைகளைக் கரைத்து எலும்பின் உறுதியையும் குறைத்துவிடும். நாம் தரையில் உட்கார்ந்து உண்கிறவர்கள், குந்தி அமர்ந்து காலைக்கடன் கழிக்கிறவர்கள்; ஆகையினால் தொடை பலம் குன்றிய பிள்ளை நாற்காலியில் வாழும் தேசத்துப் பிள்ளையைவிட நம் வீட்டில் அதிகமாக அவஸ்தைப்படுகிறது. சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும் அப்பிள்ளையை எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்கள்: முதலில் ஒரு கையைத் தரையில் ஊன்றும், பிறகு மற்றொரு கையை முழங்காலில் வைத்து அழுத்தி, தன் உடம்பைத் தானே ஏறுவதுபோல மெல்ல நிமிரும். இவற்றுக்கெல்லாம் மேலாக, தாய்மார்கள் 'சிவப்பு மருந்து' என்று நிறத்தை வைத்தே குறிப்பிடும் டாக்ஸோரூபிசின் போன்றவை இருதயத் தசையைப் பாதிக்கக் கூடியவை. அந்தப் பாதிப்பு பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டுவதுண்டு.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஓய்வுதானே உகந்தது என்று நீங்கள் கேட்பது நியாயமே. வைத்திய உலகமும் நெடுங்காலம் அவ்வாறே கருதி வந்தது. தாயும் பாட்டியும் இன்றைக்கும் அவ்வாறே கருதுகிறார்கள். 'பிள்ளை அலுத்துப் போயிருக்கிறான், படுக்கட்டும்' என்ற சொல்லில் இருக்கும் வாத்சல்யத்தை நான் குறைவாக மதிப்பவன் அல்லன். ஆனால் மருந்து ஒரு பக்கம் தசையைத் தேய்க்க, படுக்கை மறுபக்கம் தேய்க்க, இரண்டும் சேர்ந்து பிள்ளையை மேலும் அயரச் செய்கின்றன. அயர்ச்சி மேலும் படுக்கச் சொல்கிறது. நம் ஊர்ச் சுரங்கத்தை நினைத்துப் பாருங்கள். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியிலிருந்து பெரும் அழுத்தத்தோடு மேலெழும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும்; கரி வெட்டாத நாளிலும் பம்புகள் ஓய்வதில்லை. சிகிச்சைக் காலத்துத் தேகத்துக்கு அசைவும் அத்தகையதே. நல்ல நாளில் கூடுதலாகவும் மோசமான நாளில் கொஞ்சமாகவும் இருக்கலாமே தவிர, அடியோடு நின்றுவிடலாகாது.

இது என் ஒருவனுடைய அனுபவ வாக்கு மாத்திரம் அன்று. மாட்ரிட் நகரில் நின்யோ ஹேசுஸ் குழந்தைகள் மருத்துவமனைக்குள்ளேயே ஓர் உடற்பயிற்சிக் கூடம் அமைத்து, கட்டிப் புற்றுநோய்க்குக் கீமோ என்னும் மருந்துச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த பிள்ளைகளையே அதில் பயிற்றி, அவர்களுடைய தசைபலம் பெருகியதையும் அதனால் தீங்கேதும் நேராததையும் அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். சிகிச்சையின் எந்தக் கட்டத்திலும் ஒவ்வொரு பிள்ளையும் தன்னால் இயன்ற அளவு அசைந்து இயங்குவது நல்லது என்ற கருத்தைக் கொண்ட சர்வதேச வழிகாட்டு நெறிகள் 2021-இல் வெளிவந்துள்ளன. உண்மையை மறைக்காமல் சொல்வதானால், ஆதாரங்களின் பருமன் இன்னும் சிறியதுதான். காக்ரேன் என்னும் சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் இடம்பெற்றவை 6 ஆராய்ச்சிகளும் 171 பிள்ளைகளுமே. எந்தப் பயிற்சி, எத்தனை நிமிஷம், வாரத்துக்கு எத்தனை தடவை என்ற நுட்பங்களில் நிபுணர்கள் இன்னும் முடிவு காணவில்லை. ஆனால் முற்றிலும் உட்கார்ந்திருப்பதே உத்தமம் என்று சொல்வோர் அவர்களில் எவரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று நிலக்கரி நிறுவனம் உதயமானதைத் தொடர்ந்து, அகன்ற சாலைகளும் இரு மருங்கும் மரங்களும் வட்டத்துக்கு வட்டம் திறந்த வெளிகளுமாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரியம் இது. இங்குள்ள பாரதி விளையாட்டரங்கத்தைப் போன்ற ஓர் இடம் கிடைக்காமல் மொட்டைமாடியில் பிள்ளைகளை ஓடவிடும் பட்டணங்கள் எத்தனையோ உண்டு. இத்தனை பாக்கியத்துக்கு நடுவே, ஒரு பள்ளி மைதானத்தின் ஓரமாக நடந்து போனபோது நான் கண்ட காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. வகுப்பு முழுவதும் பந்தைத் துரத்திக்கொண்டிருக்க, தலையில் தொப்பி வைத்த ஒரு சிறுமி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மற்றவர்களுடைய கைக்கடிகாரங்களையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் காவல் காத்துக்கொண்டிருந்தாள். கடிகாரங்களை ஒவ்வொன்றாகத் தன் மெலிந்த மணிக்கட்டில் கட்டிப் பார்ப்பதும் கழற்றுவதுமாக அவள் பொழுது போயிற்று. அந்த ஆசிரியர் கொடியவர் அல்லர். அவளுக்கு நிழல் தேடிக் கொடுத்தவரே அவர்தான். தம் பொறுப்பில் இருக்கும்போது அவளுக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்ற அச்சமும், செய்யத் தகுந்தது இன்னதென்று ஒருவரும் சொல்லிக் கொடுக்காத குறையுமே அவரை அவ்வாறு செய்ய வைத்தன. அந்தக் குறையைச் சிறிதேனும் நீக்குவதற்கே மேற்கொண்டு எழுதுகிறேன்.

ஓடவும் குதிக்கவும் முடியாத பிள்ளைக்கு முதலில் குதிகாலால் நடக்கக் கற்றுக்கொடுங்கள். கபடி ஆடுகளத்தில் சுண்ணாம்புக் கோடு இருக்கிறதே, அந்தக் கோட்டின் மேலேயே பாதத்தின் முன்பகுதியைத் தூக்கிக்கொண்டு, துணைக்கு ஒரு நண்பன் கை கொடுக்க, பத்தடி போய் வரட்டும். நான் மேலே சொன்ன பாத பலவீனத்துக்கு இதைவிட எளிய பயிற்சி எனக்குத் தெரியாது. தொடைக்கு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது போதும்: முதல் வாரம் ஐந்து தடவை, பலம் வர வர ஏழு, பத்து. சுவரில் உள்ளங்கைகளை ஊன்றித் தள்ளுவது தோளுக்கு நல்லது. ஒற்றைக் காலில் நின்று பத்து எண்ணுவது நிலை தடுமாறாதிருக்கப் பழக்கும், அருகில் பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கட்டும். விளையாட்டாகவே வேண்டுமென்றால், நம் பள்ளிகளில் நெடுங்காலமாக ஆடப்பட்டு வரும் வளையப்பந்தைவிட உசிதமானது வேறில்லை. இடையில் வலை இருப்பதால் மோதலுக்கு இடமில்லை, வளையம் இலேசானது, வேகத்தை எதிர் ஆட்டக்காரன் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். விரல்களுக்கு ஐந்தாங்கல். இதையெல்லாம் ஐந்து நிமிஷம் செய்து, சிறிது உட்கார்ந்து, மீண்டும் ஐந்து நிமிஷம் செய்வதே முறை. செய்துகொண்டே பிள்ளையால் உங்களோடு பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச்சு துண்டுபட்டு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். சித்திரை, வைகாசி வெயிலில் காலை எட்டு மணிக்கு மேல் மைதானம் வேண்டாம், வராந்தா போதும்.

ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய இடங்களும் உண்டு, அவற்றை அலட்சியப்படுத்தலாகாது. ரத்தத்தில் பிளேட்லெட் மிகவும் குறைந்திருக்கும் நாட்களில் சிறு அடியும் உள்ளே ரத்தம் கசியக் காரணமாகலாம். 20,000-க்குக் கீழே இறங்கினால் கடினமான பயிற்சியைப் பல மருத்துவமனைகள் நிறுத்தச் சொல்கின்றன, ஆனால் இந்த எல்லை இடத்துக்கு இடம் மாறுவதால் அந்தப் பிள்ளையின் டாக்டர் சொல்லும் எண்ணையே கொள்ளுங்கள். மார்புத் தோலுக்கடியில் மருந்து செலுத்துவதற்கான 'போர்ட்' பொருத்தியிருந்தால் அந்த இடத்தில் பந்தோ முழங்கையோ படக்கூடாது. மேல்கையில் குழாய் செருகியிருந்தால் அந்தக் கையால் பளு தூக்கவும் நீந்தவும் கூடாது. மயக்கம், மார்பு வலி, காரணமில்லாமல் தோன்றும் கன்றிப்போன நீலத் திட்டுகள், மூக்கில் ரத்தம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் நிறுத்திவிட வேண்டும். ஸ்டீராய்டு உண்ணும் பதின்வயதுப் பிள்ளை இடுப்பு மூட்டிலோ முழங்காலிலோ வலி என்று சொன்னால், 'வளர்கிற வயதில் வலிக்கும்' என்று தேற்றி ஓடவிடாதீர்கள். ரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்பு மடியும் நிலை அந்த வயதினருக்கு அதிகமாக ஏற்படுவதுண்டு. உடம்பு 100.4 டிகிரிக்கு மேல் சுட்டால் அது வகுப்பறையில் படுக்க வைத்துப் பார்க்கும் காய்ச்சல் அன்று. மாத்திரை எதுவும் கொடாமல் அந்த நிமிஷமே பெற்றோரை அழையுங்கள். வெள்ளணுக்கள் குறைந்த பிள்ளைக்கு ஒரு மணி நேரமும் பெரிய நேரம்.

இன்னொன்றை நம் நாட்டின் பழக்கவழக்கத்தை அறிந்தவன் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன். வகுப்பில் யாருக்கேனும் அம்மை போட்டிருந்தால் நம் மக்கள் அதை வெளியே சொல்வதற்குத் தயங்குவார்கள். வேப்பிலை கட்டி, சில நாள் பிள்ளையை வீட்டில் வைத்திருந்து, வேறு காரணம் எழுதிக் கடிதம் அனுப்புவார்கள். ஆரோக்கியமான பிள்ளைக்கு ஒரு வாரத்தில் உதிர்ந்துபோகும் அந்தச் சின்னம்மை, கீமோ பெறும் பிள்ளையின் உயிருக்கே உலை வைக்கும். மைதானத்தில் எல்லா வகுப்புகளின் செய்தியும் உங்கள் காதில் விழுவதைப் போல் வேறு எந்த ஆசிரியர் காதிலும் விழுவதில்லை. ஆகவே, விஷயம் தெரிந்த அன்றே நோயுற்ற பிள்ளையின் பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். அம்மை தொற்றியவரோடு பழகிய சில தினங்களுக்குள் மருத்துவமனைக்குப் போனால் தடுப்பு மருந்து கொடுக்க வழியுண்டு, தாமதித்தால் இல்லை.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழங்காலையொட்டி எலும்புப் புற்றுநோய் தோன்றுவது பெரும்பாலும் அந்த வயதில்தான். அவர்களில் சிலர் காலை இழக்கிறார்கள், சிலருக்கு எலும்பின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து உலோக மூட்டு பொருத்தப்படுகிறது. ஆறு மாதத்துக்கு முன்பு கால்பந்து அணியில் இருந்தவனுக்கு இனி ஓடாதே, குதிக்காதே என்று சொல்ல நேர்கிறது. அவனிடம் கனடா நாட்டு டெர்ரி ஃபாக்ஸ் வலது காலை இழந்த பின்பும் 1980-இல் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய வரலாற்றைச் சொல்ல எல்லோருக்கும் ஆசை வருகிறது. சொல்லுங்கள், அது மகத்தான வரலாறு. ஆனால் அவனிடமிருந்து அத்தகைய வீரத்தை எதிர்பார்க்காதீர்கள். அவனுக்கு இன்று வேண்டியது இடுப்புத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், ஊன்றுகோலைச் சுமக்கும் தோளுக்கு உரமும், தன் அணித் தோழர்களோடு மைதானத்தில் நிற்பதற்கு ஒரு நியாயமான காரணமுமே. கோடு காக்கும் நடுவராக அவனை நிறுத்துங்கள், ஆட்டத்தின் நுணுக்கத்தைத் தம்பிமார்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். புள்ளி எழுதும் வேலையை மட்டும் கொடுத்து ஓரமாக உட்கார்த்திவிடாதீர்கள்.

மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்களே என்று தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். முடி கொட்டிய தலையையும் ஸ்டீராய்டினால் பூரித்த முகத்தையும் பார்த்து முதல் நாள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் இந்த நோய் தொற்றாது, முடி மறுபடி முளைக்கும் என்ற இரண்டு உண்மைகளை நீங்கள் மைதானத்தில் நின்று சொன்னால் அது வகுப்பறையில் சொல்வதைவிடப் பிள்ளைகள் மனத்தில் ஆழமாகப் பதியும் என்பதை நான் கண்டிருக்கிறேன். உங்கள் விசிலுக்கு அத்தனை மரியாதை உண்டு.

1920-ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய நாள் முதல் நம் மாகாணத்துப் பள்ளிகளில் தேகப்பயிற்சிக்கு ஓர் உயர்ந்த இடம் இருந்து வந்திருக்கிறது. ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, உடல் ஊனமுற்ற பிள்ளைகள் உட்பட, சராசரியாக நாள்தோறும் 60 நிமிஷம் உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியிருக்கிறது. கீமோ பெறும் பிள்ளை அந்த 60 நிமிஷத்தை எட்ட வேண்டியதில்லை. ஆனால் இன்று அதற்குக் கிடைக்கும் நிமிஷங்கள் பூஜ்யமாக இருப்பதை நாம் ஏற்றுக்கொள்ளவும் கூடாது.

ஆகையால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்களிக்கும்படி மருத்துவச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்லும் வழக்கத்தை இந்த ஜூன் மாதம் முதல் சிறிது மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக, சிகிச்சை அளிக்கும் டாக்டரிடமிருந்து இந்தப் பிள்ளை எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, பிளேட்லெட் எந்த எண்ணுக்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும், குழாய் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அவசரத்துக்கு எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். மாதந்தோறும் ஊசிக்குப் போகும்போது அதைப் புதுப்பித்துக்கொண்டு வரட்டும். ஊசி போட்ட மறுநாள் எந்தப் பிள்ளையையும் நிர்ப்பந்திக்க வேண்டாம். 'இன்றைக்கு எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டு, அது சொல்லும் பதிலை நம்புங்கள்.

நான் மேலே குறிப்பிட்ட பயிற்சிகளை எழுத்தில் படிப்பதைவிட ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் உங்களுக்குச் சுலபமாகிவிடும். எந்தப் பள்ளியிலிருந்து அழைத்தாலும் வந்து, உங்களுக்கும் அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனுக்கும் ஒருசேரச் செய்து காட்டுவதற்குச் சித்தமாக இருக்கிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் எந்த நாளும் எனக்குச் சௌகரியமே.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர்,
நெய்வேலி